கூலிக்காரர் கட்சிக்கு எடுத்த காவடி

சீமையில் தொழிலாளிகளின் கட்சி ஜெயித்துவிட்டது என்ற செய்தி வந்தபோது நான் சவரத்துக்கு வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு முடிவெட்டுக் கடை. பினாங்கில், சூலியா தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், முன்பக்கம் கடையும், துணித் திரைக்குப் பின்னால் என் அடுப்படியும், மரப்படி ஏறினால் படுக்கிற இடமுமாகக் குடியிருந்தோம். முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்கிற ஆண்பிள்ளை வாயைத் திறக்கமாட்டான் என்று நீங்கள் நினைத்தால் அது தப்பு. கத்தி கழுத்தில் இருக்கும்போதுதான் அவனுக்கு உலக விவகாரமெல்லாம் ஞாபகத்துக்கு வரும். உலகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டது. மீதி, அவர்கள் போட்டுவிட்டுப் போன பேப்பரை மத்தியானத்தில் நானே படித்துத் தெரிந்துகொண்டது.

அந்தக் கட்சிக்கு எங்கள் கடையில் கூலிக்காரர் கட்சி என்று பெயர். அதன் ஆட்சியைப் பற்றி இன்றைக்கும் உருகிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல மனசுக்காரர்கள், காலம்தான் சரியில்லாமல் போய்விட்டது என்பார்கள். நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. நான் என் அண்ணனை வைத்துத்தான் அந்த ஆட்சியை அளக்கிறேன். அவனை நினைத்தால் எனக்கு அவர்களைப் பற்றி நல்ல வார்த்தை வராது.

அப்பாவும் அம்மாவும் போனபிறகு என்னைக் கப்பலில் கூட்டிக்கொண்டு வந்தவன் அண்ணன். மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்தவனும் அவன்தான். துறைமுகத்தை ஒட்டி ஒரு ரப்பர் கிடங்கில் அவனுக்கு வேலை. தோட்டங்களிலிருந்து வருகிற ரப்பர் ஷீட்டுகளைத் தரம் பார்த்துப் பிரித்து, பெட்டியில் அடுக்கி, ஏறி மிதித்து மூடவேண்டும். எப்படித் தேய்த்துக் குளித்தாலும் புகைபோட்ட ரப்பரின் வாடை அவன் மேலிருந்து போகாது. அண்ணி அந்த வாடையைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வாள். அவனுக்கு வேலை போனபிறகு, அந்த வாடை வரவில்லையே என்று என் அடுப்படியில் உட்கார்ந்து அழுதவளும் அவள்தான்.

கடைக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கிராணி முகம் வழித்துக்கொள்ள வருவார். கிராணி என்றால் எங்கள் ஊரில் குமாஸ்தா. கப்பல் சரக்கு ஆபீஸ் ஒன்றில் இருந்தார். இங்கிலீஷ் பேப்பரைப் படித்துத் தமிழில் சொல்லுவார், சொல்லும்போது கையிருப்புச் சரக்கையும் கொஞ்சம் கலந்துகொள்வார், பினாங்கு வழக்கப்படி பேச்சின் முடிவில் ஒரு 'லா'வும் சேர்ப்பார். சீமையில் தேர்தல் நெருங்கிய சமயத்தில் அவர் பேச்சைக் கேட்டுக் கடையே கிறங்கிப் போயிருந்தது.

"இந்தத் தடவை கூலிக்காரங்க கட்சிதான் லா. அவங்க தலைவரு யாருன்னு நெனச்சீங்க? ஏழை வூட்டுப் புள்ள. நம்ம கஷ்டம் அவருக்குத் தெரியாமயா இருக்கும்?"

வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணன் கேட்டான். "அவங்க வந்தா நமக்கு என்னா கிராணி ஐயா செய்வாங்க?"

"என்னா செய்வாங்களா? காலனிக்கு மந்திரி அவங்க ஆளு. நம்ம கவர்னருக்கு உத்தரவு போடறது அந்த மந்திரி. கவர்னரு ஒரு வார்த்த சொன்னா ஒங்க கிடங்கு தொரை கேக்கமாட்டாரா? சம்பளம் ஏறும். சங்கம் வச்சிக்கலாம். மேலேர்ந்து மழ எறங்குற மாதிரி எல்லாம் தானா எறங்கிடும்."

அண்ணனுக்குச் சம்பளத்தைவிட அந்தச் சங்கம் என்ற வார்த்தைதான் மனசில் தைத்தது. கிடங்கில் ஒருத்தனுக்குக் கால் நசுங்கினால் மறுநாள் அவன் இடத்தில் வேறு ஆள் நிற்பான். கேட்பதற்கு நாதி கிடையாது. கூடி உட்கார்ந்து பேசினாலே கங்காணி போய்த் துரையிடம் சொல்லிவிடுவான்.

சீமையை யார் ஆளவேண்டும் என்று சொல்ல எங்களுக்கு ஓட்டு கிடையாது. பினாங்கை யார் ஆளவேண்டும் என்று சொல்லவும் கிடையாது. ஓட்டு இல்லாத தமிழன் என்ன செய்வான்? நேர்ந்துகொள்வான். அந்த வாரம் அண்ணன் தண்ணீர்மலைக்குப் போய், கூலிக்காரர் கட்சி ஜெயித்தால் மூன்று தைப்பூசத்துக்குத் தொடர்ந்து காவடி எடுப்பதாக முருகனிடம் சொல்லிவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு என் அடுப்படிக்கு வந்து நின்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "எவனோ வெள்ளக்காரன் ஜெயிக்கறதுக்கு நீ ஏண்ணே காவடி எடுக்கணும்?"

"வெள்ளக்காரன்னு பாக்காத. கூலிக்காரன்னு பாரு."

"சரி, அப்படியே இருக்கட்டும். சம்பளம் ஏறினா எடுக்கறேன்னு நேந்துக்கிறதுதானே? சங்கம் வந்தா எடுக்கறேன்னு சொல்றதுதானே?"

"ஜெயிச்சா அதெல்லாம் வராமயா போயிடும்?" என்றான் அண்ணன். அவனுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. ஜெயிப்பதுதான் கஷ்டம், ஜெயித்தபிறகு நல்லது செய்வது தானாக நடக்கும் என்று அவன் முழுமனசோடு நம்பினான். உண்மையைச் சொன்னால், நாங்கள் எல்லோருமே அன்றைக்கு அப்படித்தான் நம்பினோம். வாழ்நாளில் ஒரு தேர்தலைக்கூடப் பக்கத்தில் நின்று பார்க்காதவர்களுக்குத்தான் அப்படி ஒரு நம்பிக்கை வரும்.

அவர்கள் ஜெயித்தார்கள். கிராணி பேப்பரைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சந்துக்குள் வந்தார். என் வீட்டுக்காரர் அன்று வந்தவர்களுக்கெல்லாம் சும்மாவே முகம் வழித்தார், நான் ஆளுக்கொரு கற்கண்டு கொடுத்தேன். தனியாகப் பெரும்பான்மை இல்லை, வேறொரு கட்சியின் தயவில்தான் நடத்தவேண்டும் என்று கிராணி ஒரு ஓரத்தில் சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

எனக்கும் அன்று உள்ளூரச் சந்தோஷம்தான், அதை மறைக்கமாட்டேன். அந்தத் தேர்தலில்தான் சீமையில் இளம்பெண்கள் ஆண்பிள்ளைகளுக்குச் சமமாக முதல் தடவை ஓட்டுப் போட்டார்கள் என்று படித்தேன். புது மந்திரிகளில் ஒரு பெண்ணும் இருந்தாள், அவளும் ஒரு காலத்தில் கடையில் நின்று சாமான் விற்றவளாம். அடுப்பில் சோறு குழைந்துபோகிற அளவுக்கு அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கடைக்காரன் பெண்டாட்டிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று மற்றவர்களுக்குப் புரியுமோ என்னவோ.

முதல் வருஷக் காவடி ஊர்வலம் மாதிரி போயிற்று. கிடங்கு ஆட்கள் திரண்டு வந்தார்கள். கிராணி ஒரு வாழைத்தார் வாங்கிக் கொடுத்தார். மயில் இறகு வைத்த மரக்காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு அண்ணன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, வழியில் தேங்காய் உடைக்க நின்ற சீனக் கடைக்காரர்கள்கூடக் கைதட்டினார்கள். என்ன வேண்டுதல் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கிடங்கு ஆட்கள் பெருமையாகச் சொன்னார்கள். "நம்ம கட்சி சீமையில ஜெயிச்சிடுச்சி லா, அதுக்கு!" மலைப்படி ஏறும்போது அண்ணிக்கு மூச்சு வாங்கியது. வயிற்றில் பிள்ளை இருந்தது.

அந்தச் சந்தோஷம் இறங்குவதற்குள் ரப்பர் விலை இறங்க ஆரம்பித்துவிட்டது. முதலில் கிடங்கில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேலை. பிறகு சம்பளத்தைக் குறைத்தார்கள். குறைத்ததை மறுபடியும் குறைத்தார்கள். சங்கம் என்று வாயைத் திறந்த இரண்டொருவரைக் கிடங்குக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அண்ணன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கிராணி வருகிற நேரம் பார்த்துக் கடையில் வந்து உட்காருவான். கவர்னருக்கு உத்தரவு வந்துவிட்டதா என்று கேட்பான். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்பான். அதைத் திரைக்குப் பின்னாலிருந்து கேட்கும்போது எனக்கு அண்ணன்மேல் இரக்கமும் கிராணிமேல் ஆத்திரமுமாக வரும்.

"கொஞ்சம் பொறுக்கணும் தம்பி. அவங்களுக்குப் பெரும்பான்மை இல்ல. எதுத்த கட்சிக்காரன் வுட மாட்டேங்கிறான். ஒலகம் பூரா மந்தமாயிடுச்சி, அவங்க என்னா பண்ணுவாங்க?"

தேர்தலுக்கு முன்னால் எல்லாம் அவர்கள் கையில் இருந்தது. ஜெயித்தபிறகு ஒன்றுமே அவர்கள் கையில் இல்லை. இந்த வித்தையை அதற்குப்பின் வேறு சிலரிடமும் பார்த்துவிட்டேன், ஆனால் முதல் தடவை பார்த்தது அப்போதுதான்.

அதே நாட்களில் நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்தவர்கள் வேறு சேதி கொண்டுவந்தார்கள். ஊரில் கடற்கரையில் உப்புக் காய்ச்சப் போனவர்களைப் போலீஸ் தடியால் அடித்து வண்டி வண்டியாக ஜெயிலுக்குக் கொண்டுபோகிறது என்றார்கள். அண்ணியின் தாய்மாமன் ஒருவர் கை ஒடிந்து கிடந்தார். இந்தியாவுக்கும் மந்திரி கூலிக்காரர் கட்சி ஆள்தான். அன்றைக்குக் கடையில் கத்தி தீட்டுகிற தோல்வாரின் சத்தம்தான் கேட்டது. கிராணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, வைஸ்ராய் பழைய ஆள், அவர் செய்வதற்குக் கட்சி என்ன செய்யும் என்று முணுமுணுத்தார். நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கடையில் ஆண்பிள்ளைகள் இருக்கும்போது நான் அப்படி வந்தது அதுதான் முதல் தடவை.

"ஏன் கிராணி ஐயா, வைஸ்ராய் கேக்கமாட்டாரு, கவர்னர் கேக்கமாட்டாரு, கிடங்கு தொரை கேக்கமாட்டாரு. அப்ப இவங்க யாருக்குத்தான் ராஜா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து முறைத்தார். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, "நீ கேட்டது சரிதான்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் வருஷம் தைப்பூசம் வந்தது. அண்ணன் காவடியை எடுத்து மயில் இறகுகளைத் துடைக்க ஆரம்பித்தான். அந்த வருஷம் விரதத்துக்கென்று தனியாகப் பட்டினி கிடக்க வேண்டிய அவசியம் அவன் வீட்டில் இல்லை. என்னால் பொறுக்கமுடியவில்லை. சம்பளத்தைக் குறைத்தவர்களுக்காகவா காவடி என்று கத்தினேன்.

"அவங்களுக்காக இல்ல தங்கச்சி. நான் ஜெயிக்கணும்னு கேட்டேன். முருகன் ஜெயிக்க வச்சிட்டான். அவன் பங்கு முடிஞ்சிடுச்சி. அவங்க ஏமாத்தினதுக்கு நான் முருகன ஏமாத்தறதா?"

அந்த வருஷம் கூட்டம் வரவில்லை. கிடங்கு ஆட்களில் பாதிப்பேர் வேலையில்லாமல் எங்கெங்கோ போய்விட்டார்கள். இருந்தவர்களில் சிலர் நடைபாதையில் நின்று, "என்னா அண்ணே, கட்சிக் காவடியா? காஜி எப்ப ஏறும்னு முருகனக் கேட்டு வா" என்று சிரித்தார்கள். காஜி என்று மலாய்க்காரர்கள் சொல்லுகிற சம்பளத்தைத்தான் அவர்கள் கேலி பண்ணினார்கள். அண்ணன் ஒரு தடவைகூட நின்று திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டமும் ஆடவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணி பின்னால் நடந்தாள். நான் அவள் பக்கத்தில் நடந்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. சிரித்தவர்களை நினைத்து இல்லை. அவர்களை அப்படிச் சிரிக்க வைத்துவிட்டு எங்கேயோ சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிற மந்திரிகளை நினைத்து.

அந்த வருஷ நடுவில் அண்ணனுக்கு வேலை போயிற்று. அவன் ஒருத்தன் கதை இல்லை அது. அக்கரையில் தாசேக் கெலுகோர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் பட்டர்வொர்த் வந்து, ஃபெரி ஏறி, கப்பல் வரும்வரை ஆட்களைத் தங்கவைக்கிற கூலி டிப்போவை நோக்கி நடப்பதைத் தினமும் பார்த்தேன். தலையில் மூட்டை, கையில் கோழிக் கூடை, பின்னால் பிள்ளைகள். வேலையில்லாத தமிழர்களை அரசாங்கமே தன் செலவில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. உழைப்புத் தேவைப்பட்டபோது கூட்டிக்கொண்டு வந்தார்கள், தேவை தீர்ந்ததும் திருப்பி அனுப்பினார்கள். இதை ஒரு முதலாளிகள் கட்சி செய்திருந்தால் நான் இத்தனை நாள் கழித்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். அவர்களிடம் நாங்கள் எதையும் எதிர்பார்த்ததில்லை.

நியாயம் என்று ஒன்று இருக்கிறது. சீன வீடுகளில் சின்னப் பெண்களை விலைக்கு வாங்கி வேலைக்காரிகளாக வளர்க்கிற வழக்கத்தைப் பற்றி அந்த மந்திரிகள் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள் என்று படித்தேன். அது நல்ல காரியம், இல்லை என்று சொல்லமாட்டேன். ரப்பர் விலை விழுந்தது அவர்கள் குற்றம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். விழுந்தது யார் தலையில் விழட்டும் என்று விட்டார்கள், அதுதான் என் கேள்வி. சீமையிலேயே வேலையில்லாதவர்களுக்குக் கொடுக்கிற படியில் கைவைத்தார்கள். அதிலும் கல்யாணமான பெண்களுக்குத்தான் முதலில் நறுக்கினார்கள். எந்த இலாகா நறுக்கியது என்று பார்த்தேன். நான் சோற்றைக் குழையவிட்டுப் படித்தேனே, அந்த மந்திரியம்மாளுடைய இலாகா. அந்தப் பேப்பரை அப்படியே அடுப்பில் போட்டேன்.

ஆகஸ்டு மாதத்தில் அந்த ஆட்சி முடிந்தது. எதிரிகள் கவிழ்த்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். தலைவரே சொந்தக் கட்சியை நடுத்தெருவில் விட்டுவிட்டு, எதிர்க்கட்சிக்காரர்களோடு சேர்ந்து புது மந்திரிசபை அமைத்து, அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கிராணி ஞாயிற்றுக்கிழமை வந்து, நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார். "இப்பத்தான் லா சரியான ராஜாங்கம். எல்லாக் கட்சியும் ஒண்ணா சேந்துடுச்சி பாருங்க." என் வீட்டுக்காரர் அவருக்கு மீசையை ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகக் கத்தரித்துவிட்டார். அது கைதவறி நடந்தது என்றுதான் இன்றுவரை சொல்கிறார்.

அண்ணனுக்கு இன்னும் ஒரு காவடி பாக்கி இருந்தது.

வாடகை கொடுக்கமுடியாமல் வீட்டை விட்டுவிட்டு அவன் குடும்பத்தோடு டிப்போவில் போய்த் தங்கியிருந்தான், தைக்கு முன்னால் அங்கே அவனுக்குக் கப்பல் குறித்துவிட்டார்கள். கப்பல் புறப்பட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் தைப்பூசம். அடுத்த கப்பலில் போகிறேன் என்று கேட்டுப்பார்த்தான். இப்போது போகாவிட்டால் மறுபடி இடம் கிடைக்கும் என்று சொல்லமுடியாது என்றார்களாம். அன்று அண்ணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் அடுப்படிக்கு ஓடிவந்தாள். தலை வாரியிருக்கவில்லை.

"என்னையும் புள்ளையையும் கப்பல்ல ஏத்திட்டு ஒங்க அண்ணன் இங்கயே இருக்கப் போறாராம். காவடிய முடிச்சிட்டு வர்றேங்கிறாரு. எப்படி வருவாரு? டிக்கெட்டு யாரு குடுப்பா? புள்ளைக்கு ஒடம்பு கொதிக்குது. நான் தனியா அத்தன நாளு கப்பல்ல எப்படிப் போவேன், நீயே சொல்லு."

பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. கடையை விட்டு அப்படியே டிப்போவுக்கு நடந்தேன். அண்ணன் கொட்டகை ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். காவடியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்திருந்தான். அவன் சட்டைக்குள் எலும்பு தெரிந்தது. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. கோபத்தை முதலில் கொட்டினேன்.

"ஊர்ல முருகன் இல்லையா? பழனிக்குப் போயி எடு."

"இங்க நேந்தது. இங்கதான் எறக்கணும்."

"ஜெயிச்சவனே கட்சிய வுட்டுட்டுப் போயிட்டான். அந்தக் கட்சிக்குக் காவடி எடுக்க நீ பொண்டாட்டி புள்ளைய வுட்டுடுவியா?"

"அவன் வுட்டுட்டான்னு நானும் வுட்டுட்டா, அவனுக்கும் எனக்கும் என்னா தங்கச்சி வித்தியாசம்?"

மெதுவாகத்தான் சொன்னான். அவனிடம் இப்போது மிச்சமிருப்பது அந்த ஒரு சொல்தான் என்று எனக்குப் புரிந்தது. வேலை போய்விட்டது, வீடு போய்விட்டது. அதையும் பிடுங்கிக்கொண்டு கப்பலில் ஏற்றினால், ஊருக்குப் போய் இறங்குகிற ஆள் என் அண்ணனாக இருக்கமாட்டான். ஆனால் பிள்ளை காய்ச்சலில் கிடந்தது.

"நான் எடுக்கறேன்" என்றேன்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். "நீயா? அவங்கள நாள் பூரா திட்டறவ நீ. மனசுல வசைய வச்சிக்கிட்டு எப்படி எடுப்ப?"

"வசை அவங்களுக்கு. பால் முருகனுக்கு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலக்காது. கூடப்பொறந்தவ எடுத்தா செல்லும், நீ போயி கப்பல்ல ஏறு."

அண்ணன் துணியைப் பிரித்து, பெண்பிள்ளைக்குப் பால்குடம் போதும் என்று சொல்லி, காவடியில் கட்டியிருந்த பால்செம்பை அவிழ்த்து என் கையில் கொடுத்தான்.

கப்பலுக்குப் படகு ஏறுகிற இடத்தில் கூட்டம் நெரிந்தது. அண்ணி பிள்ளையைப் போர்த்தி நெஞ்சோடு பிடித்திருந்தாள். அண்ணன் படகில் உட்கார்ந்த பிறகு என்னைப் பார்த்து, "விரதத்த ஒழுங்கா இரு, அடுப்படில நின்னு எதையாவது வாயில போட்டுக்காத" என்று கத்தினான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படகு கண்ணுக்குத் தெரிகிறவரைக்கும் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், முடியவில்லை.

விரதத்தை ஒழுங்காகவே இருந்தேன். தைப்பூசத்தன்று என் வீட்டுக்காரர் கடையைச் சாத்திவிட்டு முன்னால் நடந்தார். மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு, அண்ணனின் செம்பில் பாலை நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டேன். வெயில் ஏறிவிட்டது, தார் ரோடு காலைச் சுட்டது. பாதி வழியில், தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் குடித்துக்கொண்டிருந்த கிராணி என்னைப் பார்த்துவிட்டார். கையைக் கூப்பிக்கொண்டு கிட்டே வந்து, "என்னா வேண்டுதல்மா?" என்று பரிவாகக் கேட்டார். அந்த மனுஷனுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.

"நீங்க ஜெயிக்க வச்ச கட்சிக்குத்தான் கிராணி ஐயா" என்றேன். அவர் அதே இடத்தில் நின்றுவிட்டார். நான் நிற்காமல் நடந்தேன்.

மலைமேல் சந்நிதியில் கூட்டம் தள்ளியது. குருக்கள் செம்பை வாங்கிக்கொண்டு, யார் பேருக்கு என்று கேட்டார். அண்ணன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். பால் முருகன்மேல் வழிந்து இறங்கியது. என் அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான், கடன் தீர்ந்தது, கணக்கை முடித்துக்கொள் என்று முருகனிடம் சொன்னேன். அந்தக் கட்சிக்காரர்களைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. வசையும் பாலும் கலக்காது என்று அண்ணனிடம் சொன்னது சத்தியம் மாதிரிதான்.

பிறகு எனக்கென்று ஒன்று கேட்டேன். அண்ணன் எப்படிக் கேட்டு ஏமாந்தான் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அதனால் மேலெழுந்தவாரியாகக் கேட்கக்கூடாது, ஒன்றுவிடாமல் கேட்கவேண்டும் என்று மலை ஏறும்போதே முடிவு செய்திருந்தேன். என் அண்ணன் பினாங்குக்குத் திரும்பி வரவேண்டும் என்றேன். உயிரோடு வரவேண்டும். அண்ணியோடும் பிள்ளையோடும் வரவேண்டும். வந்தால் வேலை இருக்கவேண்டும். வேலை இருந்தால் முழுச் சம்பளம் இருக்கவேண்டும். அப்படி நடந்தால் மூன்று வருஷம் நானே பால்குடம் எடுக்கிறேன் என்று சொல்லி, திருநீற்றை வாங்கிக்கொண்டு படி இறங்கினேன். பின்னால் வந்தவர்கள் தள்ளியதில் அதைப் பாதி சிந்திவிட்டேன்.

ரப்பர் விலை இப்போது ஏறிவிட்டது. கிடங்குகளில் மறுபடியும் ஆள் எடுக்கிறார்கள். நாகப்பட்டினத்துக் கப்பல் வருகிற நாளெல்லாம் நான் அடுப்பை அணைத்துவிட்டுத் துறைமுகத்துக்குப் போய் நிற்கிறேன். எல்லாவற்றையும் கேட்டேன், எப்போது என்று மட்டும் கேட்கவில்லை.